விறகு இன்சர்ட்டுக்கு சிம்னி லைனர் கட்டாயமோ?

கேள்வி: ஒட்டாவாவில எங்கட வீடு பழசு, செங்கல் சிம்னி, உள்ளுக்க 8க்கு 12 இஞ்சி களிமண் ஓடு. வாங்கின இன்சர்ட்டின்ர (பழைய நெருப்பிடத்துக்குள்ள தள்ளி வைக்கிற விறகு அடுப்பு) புகைவாய் 6 இஞ்சி. லைனர் (சிம்னிக்குள்ள இறக்கிற உள்குழாய்) இல்லாம அப்பிடியே தள்ளி வைக்கலாமோ?

பதில்: வேண்டாம் தம்பி. 6 இஞ்சியால வாற புகை அந்தப் பெரிய குழாய்க்குள்ள போய் ஆறி, இழுவை குறைஞ்சு, கிரியோசோட் எண்ட புகைப்பிசின் தார் மாதிரி ஓட்டில ஒட்டும், பிறகு அதுதான் நெருப்புப் பிடிக்கிறது. எங்கட சிம்னியைச் சுரண்டேக்க மினுமினுத்த கறுப்புச் செதிலாக் கொட்டிச்சுது, பயந்தே போனன். 6 இஞ்சி ஸ்டெயின்லெஸ் லைனர் உச்சி வரைக்கும் போடுங்கோ.

இன்னொரு பதில்: வெளிச்சுவர்ச் சிம்னி எண்டா லைனரைச் சுத்தி இன்சுலேஷனும் (சூடு போகாமத் தடுக்கிற உறை) வேணும். 8 இஞ்சி ஓடு எண்டாலும் உள்ளளவு 7க்குக் கிட்டத்தான், இன்சுலேஷனோட இறங்காமலும் போகலாம், முதல்ல அளவுங்கோ. முடிஞ்சாப்பிறகு வெட் (WETT) இன்ஸ்பெக்ஷன், அதுதான் விறகு அடுப்புக்கான பாதுகாப்புப் பரிசோதனை, எடுங்கோ, இன்சூரன்ஸ்காரர் கேப்பினம்.

கேட்டவர்: நன்றி அண்ணை, சனிக்கிழமை ஏறி அளக்கிறன்.