தென்துருவக் குளிர்நாடுகளில் ஒரே பேரினத்து நீர்வண்டுகள் எப்படி?

கேள்வி (ஓசூர் வாசகர்):
மூழ்கி வேட்டையாடும் நீர்வண்டுகளில் லான்செட்டீஸ் என்ற பேரினம் தென் அமெரிக்காவின் தென்கோடியிலும், ஃபாக்லாந்து, தெற்கு ஜார்ஜியா தீவுகளிலும், பெருங்கடலுக்கு அப்பால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலும் வாழ்கிறது. நன்னீரில் வளரும் பூச்சி உப்புக்கடலுக்கு இருபுறமும் இருப்பதற்குக் தென்கண்டங்கள் முன்பு ஒன்றாக இணைந்திருந்த கோண்டுவானா நிலப்பரப்பு உடைந்தது மட்டும்தான் காரணமா?

பதில் 1 (தருமபுரி, விலங்கியல் ஆசிரியர்):
அது பாதி விடைதான், ஐயா. ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அண்டார்க்டிகாவில் காடுகள் இருந்தன. தென் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் அதை விட்டு முழுமையாக விலகியிருக்கவில்லை. பின்னர் தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இடையே டிரேக் நீரிணை திறந்து, அண்டார்க்டிகாவைப் பனி மூடியதும் இந்த நடு இணைப்பு அறுந்தது. ஆனால் நியூசிலாந்தோ ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது. அப்படியிருக்க, லான்செட்டீஸ் லான்சியோலேட்டஸ் என்ற ஒரே இனம் அங்கும் ஆஸ்திரேலியாவிலும் காணப்படுவதற்கு, மேற்கிலிருந்து வீசும் காற்றோடு பறந்து சென்றிருக்கும் என்பதே பொருத்தமான விளக்கம்.

பதில் 2 (பாலக்கோடு):
நீர்வண்டுகள் பறக்குமா என்ற ஐயம் உள்ளவர்கள் மழை விட்ட இரவில் ஏரிக்கரைத் தெருவிளக்கின் அடியில் பார்க்கலாம். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் முனைவுற்ற ஒளியை (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை) கொண்டே இவை குளத்தை அடையாளம் காண்பதால், பளபளக்கும் கார்க்கூரையிலும் ஏமாந்து இறங்குகின்றன. விழுந்ததை எடுத்து வாளி நீரில் விட்டால், பின்னங்கால்களின் மயிர் விளிம்பால் துழாவி அடிக்குச் சென்று, சற்று நேரத்தில் பின்முனையை நீர்மட்டத்துக்கு உயர்த்தி இறக்கைமூடிக்குள் காற்றை நிரப்பிக்கொள்ளும்.

பதில் 3 (கிருஷ்ணகிரி):
வடதுருவப் பக்கத்தில் கதை வேறு. பனியுகத்தில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்ததால், இன்றைய பெரிங் நீரிணை ஆசியாவையும் அமெரிக்காவையும் இணைக்கும் நிலமாக இருந்தது. பிரிட்டனின் பனியுகப் படிவுகளை ஆராய்ந்த ரஸ்ஸல் கூப், இன்று சைபீரியாவிலும் திபெத்திலும் வாழும் வண்டினங்களின் எச்சங்களை அங்கே கண்டறிந்தார். குளிர் நகர்ந்தபோது வண்டுகள் புதிய இனங்களாக மாறாமல், குளிரைத் தொடர்ந்து இடம்பெயர்ந்தன என்பது அவர் முடிவு. நீரோரத்தில் வாழும் ஹெலோஃபோரஸ் சைபிரிகஸ் என்ற வண்டின் 1.6 முதல் 2.3 கோடி ஆண்டு வரை பழமையான புதைபடிவம் சைபீரியாவில் கிடைத்துள்ளது. அந்த இனம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆகவே, ஆசிரியர் ஐயாவின் முடிவை ஏற்றாலும், உருவ ஒற்றுமை மட்டும் அண்மைப் பயணத்துக்குச் சான்றாகாது என்பேன். இரு கரை வண்டுகளின் டி.என்.ஏ. வேறுபாட்டைக் கொண்டு அவை பிரிந்த காலத்தைக் கணித்து, நிலம் பிரிந்த காலத்தோடு ஒப்பிட வேண்டும்.