இறந்தவர் பெயரிலுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி: தமிழக-கேரள எல்லையான களியக்காவிளை தாண்டலாமா?

திருவட்டாறு_ரப்பர்: அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகிறது. அவர் பெயரில் 12 போர் (bore, குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றும் கொஞ்சம் தோட்டாவும் வீட்டு அலமாரியில் இருக்கு. லைசென்சில் அடுத்த வருடம் வரை தேதி இருக்கிறது. எனக்கு வேலை திருவனந்தபுரத்தில். அங்கே கொண்டுபோகலாமா? கேரளாவில் சட்டம் வேறாமே? தோட்டத்துக்கு வரும் காட்டுப் பன்றியைச் சுடவும் ஆகுமா?

நாஞ்சில்_வக்கீல்: சட்டம் வேறு இல்லை. ஆயுதம், மத்திய அரசு சட்டம் இயற்றும் துறைகளின் மத்தியப் பட்டியலில் 5ஆவது இனம். இரண்டு மாநிலத்துக்கும் 1959 ஆயுதச் சட்டமும் 2016 விதிகளும்தான்.

லைசென்சில் தேதி இருந்தாலும் அது அப்பாவுக்கு மட்டும் கொடுத்தது. அவரோடு முடிந்துவிட்டது. இப்போது அலமாரியில் இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. பிரிவு 21 தாமதமின்றி ஒப்படைக்கச் சொல்கிறது. இன்றைக்கே அந்தப் பகுதி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனில் சொல்லி, தோட்டாவை வெளியே எடுத்து, உறையில் மூடி, அசல் லைசென்சோடு ஒப்படையுங்கள். லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமும் வைக்கலாம். ரசீதில் துப்பாக்கி எண், போர், தோட்டா எண்ணிக்கை மூன்றும் இருக்கணும். பலர் எண்ணிக்கையை எழுதாமல் விட்டுவிட்டு, திரும்ப எடுக்கும்போது தகராறு செய்கிறார்கள். வருஷக்கணக்கில் கிடப்பில் போட்டால் அரசு பறிமுதல் செய்யவும் வழி உண்டு.

பிறகு ஏ-1 படிவத்தில் வாரிசு லைசென்சுக்கு மனு. இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதப் பிரமாணம், பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று வேண்டும். ஒரு தங்கை கையெழுத்துப் போடாவிட்டாலும் கோப்பு அங்கேயே நிற்கும்.

குழித்துறை_பாலம்: மனு கொடுக்கும் இடம்தான் முக்கியம். குடியிருப்பு திருவனந்தபுரம் என்றால் விண்ணப்பமும் அங்கேதான். நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்தால் போலீஸ் விசாரணையில் முகவரி பொருந்தாது. லைசென்ஸ் வந்ததும் 'செல்லுபடியாகும் பகுதி' என்ற கட்டத்தைப் பாருங்கள். அதில் இல்லாத மாநிலத்துக்கு எடுத்துப்போனால் நிபந்தனை மீறல். ஆயுதச் சட்டம் பிரிவு 30-இல் 6 மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். செக்போஸ்டில் வாய்ப்பேச்சு எடுபடாது.

கீரிப்பாறை_மலை: பன்றி விஷயத்தில் நிறையப் பேர் தவறாக நினைக்கிறார்கள். பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கினாலும் அது துப்பாக்கி வைத்திருக்க மட்டும். சுடுவதற்கு 1972 வனவிலங்குச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். சரணாலய எல்லைக்குள் ஆயுதத்தோடு போவதற்கே தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்துப்பூர்வமாக அனுமதிக்கணும்.

திருவட்டாறு_ரப்பர்: வீட்டில் இன்னும் ஒரு ரைபிளும் பிஸ்டலும் உண்டு, இரண்டும் என் பெயரில்.

நாஞ்சில்_வக்கீல்: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டுதான், முன்பு மூன்று. வாரிசாக வந்தாலும் கணக்கில் சேரும். ஒன்றை லைசென்ஸ் உள்ளவருக்கு அல்லது வியாபாரிக்கு முறையாக விற்றுவிட்டு அப்புறம் ஏ-1 கொடுங்கள். இல்லையென்றால் இரட்டைக்குழலைத் தங்கை பெயரில் கேளுங்கள். அவருக்கும் பயிற்சிச் சான்று வேண்டும்.