கடல் வற்றாமலே வந்ததே, அது எப்படி?

கல்லடியிலிருந்து:

சுனாமி பற்றிய விவரணப்படம் எதைப் போட்டாலும் எங்கள் பெத்தா (பாட்டி) பாதியில் எழும்பிப் போய்விடுவார். பயமாக்கும் என்று விட்டுவிடுவோம். ஒரு நாள் தமிழில் குரல் கொடுத்த படமொன்று ஓடியது. தாய்லாந்துக் கரையில் கடல் உள்ளே போய்விட்டது, வெறும் மணலில் மீன் துடிக்கிறது, உல்லாசப் பயணிகள் வேடிக்கை பார்க்கிறார்கள். கடல் வற்றுவதுதான் முதல் எச்சரிக்கை என்றது பின்னணிக் குரல். பெத்தா வெற்றிலை வட்டாவைத் தள்ளி வைத்தார்.

"பொய் சொல்றான் மனே. எங்கட கடல் வத்தல்ல. நேரா எழும்பி வந்தது."

அவர் அப்போது இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு நாவலடியில் இருந்தவர். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் வேறு. இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தாராம். குசினி வாசலில் தண்ணீர் ஓடி வந்ததும், யாரோ கிணற்றடியில் வாளியைக் கவிழ்த்துப்போட்டார்கள் என்று ஏசிக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். முற்றத்தில் கணுக்கால் அளவுக்குக் கடல். அதற்குப் பிறகு வந்ததைப் பற்றி அவர் கதைப்பதில்லை.

உண்மையைச் சொன்னால், அவருக்கு நினைவு பிசகியிருக்கும் என்றுதான் நான் எண்ணினேன். அப்புறம் வேறொரு படத்தில் கடலடித் தரையை வெட்டிக் காட்டினார்கள். அன்றைய நிலநடுக்கத்தில் சுமாத்திராவுக்கு மேற்கே 1,200 கிலோமீற்றருக்கும் மேலான நீளத்துக்குப் பிளவு. அழுந்திக் கிடந்த புவித்தட்டின் விளிம்பு விடுபட்டு, மேற்குப் பக்கம் எழும்பியது, அதற்குக் கிழக்கே தரை தாழ்ந்தது. அதனால் மேற்கே இருந்த எங்களுக்கு முதலில் வந்தது அலையின் மேடு. கிழக்கே தாய்லாந்துக்கு முதலில் போனது பள்ளம், அதுதான் கடல் வற்றியது. இலங்கையிலும் கடல் வற்றியது உண்டு, களுத்துறையைச் செய்மதி எடுத்த படத்தில் பார்க்கலாம். ஆனால் அது முதல் அலை வந்து போன பிறகு.

உங்கள் வீட்டிலும் இப்படி டிவிக்காரரோடு சண்டை பிடித்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

திருக்கோவிலிலிருந்து:

சண்டை இல்லை, என் மாமா டிவியைப் பார்த்துத் தலையாட்டினார். அன்று காலை அவர் ஆழ்கடலில் நின்றவர். ஒன்றுமே தெரியவில்லையாம். கரைக்குத் திரும்பும்போது கதவொன்று மிதந்தது, பிறகு ஒரு புத்தகப் பை. ஊரில் பலர், "நடுக்கடலில் நின்றவனுக்குத் தெரியாமல் போகுமா?" என்று அவரை நம்பவில்லை. அந்தப் பேச்சு அவருக்குக் கடைசிவரை உறுத்தியது.

ஜேசன்-1 செய்மதி அன்று நடுக்கடலில் அளந்த அலையின் உயரம் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர்தான். வேகம் மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல், ஆனால் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடையில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். போட் மெல்ல ஏறி மெல்ல இறங்கும், அவ்வளவுதான். ஆழம் குறையக் குறையத்தான் வேகம் குறைந்து தண்ணீர் குவிந்து எழும்பும். படத்தில் கடலின் நடுவே சின்னதாய் ஒரு படகு வரைந்திருந்தார்கள். மாமா எழுந்து போய்த் திரையில் விரலை வைத்தார்: "இந்தா, இது நான்."

மருதமுனையிலிருந்து:

2012 ஏப்ரல் 11ஐ யாரும் எழுதவில்லையே. 8.6 அளவு நிலநடுக்கம், பின்னேரம் சுனாமி எச்சரிக்கை. வாப்பாவையும் உம்மாவையும் ஏற்றிக்கொண்டு வயல் பக்கம் ஓடினோம். பெரிதாக எதுவும் வரவில்லை. திரும்பி வந்தபோது, அறிவித்தவர்களைச் சனம் வாய்க்கு வந்தபடி ஏசியது. நானும்தான்.

அன்று தட்டு பக்கவாட்டில் வழுக்கியது, கடலடி அவ்வளவாக மேலே எழும்பவில்லை என்று ஒரு படத்தில் பார்த்துவிட்டு, மகள் கிணற்றடி வாளிக்குள் கையை விட்டாள். கத்திபோல் வைத்து வெட்டினால் தண்ணீர் லேசாக ஆடியது. உள்ளங்கையை விரித்துக் கீழிருந்து தூக்கினாள், என் சாரம் நனைந்தது.

கல்லடியிலிருந்து:

மேடு, பள்ளம் கதையைப் பெத்தாவுக்குச் சொன்னேன். "நான் அதைத்தானே சொன்ன" என்றார். இப்போது எழும்பிப் போவதில்லை. கடல் வற்றும் காட்சி வந்தால் மட்டும் ரிமோட்டைப் பறித்துச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, தானே சொல்லத் தொடங்கிவிடுகிறார்.