கூல்ஷிப்: ஒரு தொட்டிக்குப் பெயர் வேண்டும்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

உணவு நுண்ணுயிரியல் பாடநூலுக்கு நான் எழுதிவரும் நொதித்தல் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குச் செல்கிறது. சென்ற குளிர்காலத்தில், பிரஸ்ஸல்ஸ் நகரின் ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900 முதல் நடந்துவரும் கான்டியோன் என்னும் சிறு பியர் ஆலையைச் சென்று பார்த்தேன். அங்கே முளைகட்டிய பார்லியிலிருந்தும் முளைகட்டாத கோதுமையிலிருந்தும் எடுத்த சாற்றைப் பழைய ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்கவைத்து, கூரைக்கு அடியில் உள்ள அகன்ற, ஆழமற்ற செப்புத் தொட்டியில் ஓர் இரவு முழுவதும் திறந்துவைக்கிறார்கள். ஈஸ்ட் எதையும் சேர்ப்பதில்லை; காற்றில் வருபவையும், சாறு பின்னர் சென்றடையும் ஓக் பீப்பாய்களின் மரத்தில் வாழ்பவையுமான ஈஸ்டுகளும் பாக்டீரியாக்களுமே அதை லாம்பிக் என்னும் புளிப்புப் பியராக்குகின்றன. இரவு குளிர்ந்திருக்க வேண்டும் என்பதால் ஏறத்தாழ அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் காய்ச்சுகிறார்கள்.

அத்தொட்டியின் பெயர் கூல்ஷிப். ‘குளிர்கப்பல்’ என்று எழுதினால் மாணவர் மீன் ஏற்றிச்செல்லும் கப்பலைத்தான் நினைப்பார். இந்த நொதித்தலுக்குத் ‘தன்னிச்சை நொதித்தல்’ என எழுதியிருக்கிறேன். அதிலும் மனம் நிறையவில்லை.

*

அம்மா, வணக்கம்.

சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படை அரிசிக் கூழிலிருந்து கள் சமைப்பதைச் சொல்லும்போது ‘மலர்வாய்ப் பிழாவில் புலர ஆற்றி’ என்கிறது. அகன்ற வாயுள்ள கலத்தில் கூழை ஆறவைத்து, நல்லடை என்னும் சேர்பொருளைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, ‘வல்வாய்ச் சாடியின் வழைச்சு அற விளைந்த’ பிழியை, அதாவது கள்ளை, எடுக்கிறார்கள். நீங்கள் கண்ட செப்புத் தொட்டி பிழா. ஓக் பீப்பாய் சாடி. கூழ் கள்ளாவதைப் புலவர் ‘விளைந்த’ என்கிறார் என்பதால், நொதித்தலை ‘விளைவு’ என்றும் இவ்வகையைத் ‘தன்விளைவு’ என்றும் சொல்லலாம். பிழி, பிழிதல், பிழா ஆகிய மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. பிழியைத் தரும் கலம் பிழா. இதை விரித்துத் தனிமடலாகவே எழுதுவேன்.

*

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

பாட்டடிகளை நினைவூட்டியதற்கு நன்றி. ஆனால் பிழாவுக்கு நீர் இறைக்கும் கூடை என்ற பொருளும் உண்டு. ஒலி ஒப்புமை ஒன்றைக் கொண்டு வேரை நிறுவிவிட முடியாது. பாட்டில் கூழ் ஆறிய பிறகுதான் நல்லடை சேர்கிறது. அதை நெல்முளை என்று கொண்டால், நுண்ணுயிர்கள் அந்த முளையோடும் வந்திருக்கலாம். லாம்பிக்கிலோ முளைத்தானியம் முதலிலேயே சேர்ந்து, அதன் சாறு கொதித்துவிடுவதால், நுண்ணுயிர்கள் அதற்குப் பிறகே வந்தாக வேண்டும். பாடத்தின் உயிரே இந்த வேறுபாடுதான்.

‘தன்’ என்ற அடையையும் ஏற்கமாட்டேன். உயிரில்லாச் சாற்றில் உயிர் தானாகத் தோன்றாது என்று பாஸ்டர் 1860களில் காட்டியதை அதே நூலில் படிக்கும் மாணவரிடம், தானாக விளைகிறது என்று எப்படிச் சொல்வது? ‘இயல்நொதிப்பு’ போதும். ஈழத்தில் ஈஸ்டை மதுவம் என்றும் என்சைமை நொதியம் என்றும் படித்தவள் நான். இவற்றுக்கே எங்களுக்கும் உங்களுக்கும் வேறு வேறு சொற்கள் இருக்கையில், ‘விளைவு’ என்று இன்னொரு குழப்பம் வேண்டாம்.

தொட்டிக்கு ‘ஆற்றுதொட்டி’ என்பேன். பால் ஆற்றுவதும் தேநீர் ஆற்றுவதும் எல்லாருக்கும் தெரியும். வினைத்தொகை ஆதலால் வல்லினம் மிகாது. மிகுந்தால் ஆற்றைச் சேர்ந்த தொட்டி ஆகிவிடும்.

*

மூவருக்கு ‘ஆற்றுதொட்டி’ உடன்பாடு என்பதால் அதையே எழுதி, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் கூல்ஷிப் என்று தருகிறேன். ‘இயல்நொதிப்பு’ உறுதியாகிவிட்டது. பெரும்பாணாற்றுப்படை அடிகளை, நெல்முளை பற்றிய வேறுபாட்டோடு, பெட்டிச் செய்தியாகச் சேர்க்கிறேன்.

*

பெட்டிச் செய்திக்கு நன்றி, அம்மா. ஆயினும் ஒற்று ஒன்று மிகுந்தால் பொருள் மாறிவிடும் சொல்லை அச்சுக்கோப்பவர் கையில் நம்பி விடுகிறீர்கள். என் வாக்கு பிழாவுக்கே என்று பதிவு செய்துகொள்ளுங்கள்.