மிகைமைக்கு மாற்றுச் சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

காட்பாடியிலிருந்து, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் தரவு மையத்துக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. படிக்கப்போகிறவர்கள் மென்பொருள்காரர்கள் இல்லை. மின்பணியாளர், ஜெனரேட்டர் பார்ப்பவர், ஏசி மெக்கானிக், இரவுக் காவலர். பெரும்பாலும் லத்தேரி, கே.வி.குப்பம் பக்கத்துப் பிள்ளைகள், ஐடிஐ படித்தவர்கள்.

எல்லாம் எழுதிவிட்டேன். ரிடண்டன்சி என்ற ஒரு சொல்லில் மட்டும் நிற்கிறேன். ஒன்று போனாலும் வேலை நிற்காமலிருக்க அதே வேலைக்கு இன்னொன்றையும் வைத்திருப்பதற்கு அந்தப் பெயர். கலைச்சொல் பட்டியல்களில் 'மிகைமை' என்று இருக்கிறது. அதை நான் எழுத மாட்டேன், காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் அலுவலகத்தின் சர்வர் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சர்வருக்கும் பின்னால் இரண்டு பவர் சப்ளை இருக்கும். ஒன்றுக்கு ஏ என்ற மின்வழி, இன்னொன்றுக்கு பி என்ற மின்வழி. இரண்டும் வெவ்வேறு யுபிஎஸ்ஸிலிருந்து வரும். பி வழி பிளக்குகளில் 'மிகை மின்வழி' என்று தமிழில் சீட்டு ஒட்டியிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த மின்பணியாளருக்கு ஒரு நெட்வொர்க் ஸ்விட்சுக்காக இடம் தேவைப்பட்டது. சீட்டைப் படித்தார். நான்கு சர்வர்களின் பி வயரைப் பிடுங்கி, அழகாகச் சுருட்டி, டேக் போட்டு, சர்வர்களை அடுக்கியிருக்கும் ரேக்கின் ஓரத்தில் தொங்கவிட்டார். சர்வர்கள் நிற்கவில்லை. பின்பக்கம் மஞ்சள் விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தது, யாரும் பார்க்கவில்லை. பதினோராம் நாள் பேட்டரி மாற்ற ஏ பக்கத்து யுபிஎஸ்ஸை நிறுத்தினோம். நான்கும் போயின. திரும்ப எழுந்து எல்லாம் சரியாக ஆறு மணி நேரம் ஆயிற்று. 99.9 சதவீத நேரம் சர்வர் ஓடும் என்று எழுதிக் கொடுத்தால், நின்றுபோக ஆண்டு முழுவதற்குமே நமக்குக் கிடைப்பது 8 மணி 45 நிமிடம்தான்.

அந்தப் பையன் மேல் தப்பே இல்லை. மிகை என்றால் தேவைக்கு மேலானது. தேவைக்கு மேலானதைக் கழற்றினார். சீட்டு சொன்னதைத்தான் செய்தார்.

எனக்கு வேண்டிய சொல் படித்த உடனே 'இதுவும் சுமக்கிறது, கை வைக்காதே' என்று சொல்ல வேண்டும். உதவுங்கள்.

ஆரணியிலிருந்து, செவ்வாய் காலை

தம்பி, உங்கள் மின்பணியாளர் நன்னூல் படித்தவர் போலவே நடந்திருக்கிறார். நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களில் குன்றக்கூறலுக்கு அடுத்தது மிகைபடக்கூறல், அதற்கடுத்தது கூறியது கூறல். குற்றத்தின் பெயரை எடுத்துப் பாதுகாப்புக்கு வைத்தால் யார் மதிப்பார்கள்?

ஆனால் அதே நன்னூல் ஒரு சொல் இரண்டு, மூன்று, நான்கு வரை அடுக்கி வரலாம் என்றும் இடம் கொடுக்கிறது. 'பாம்பு பாம்பு', 'தீ தீ தீ' என்கிறோம். ஒரு தடவை சொன்னாலே பொருள் விளங்கும். இருந்தும் அடுக்குகிறோம், ஒன்று காதில் விழாவிட்டாலும் இன்னொன்று விழட்டும் என்று. அடுக்குத்தொடரைப் பிரித்தாலும் பொருள் நிற்கும். இரட்டைக்கிளவி அப்படி அல்ல. 'சலசல'வில் ஒரு 'சல'வை எடுத்தால் மீதி 'சல'வுக்கு உயிர் இல்லை. ஆகவே 'இரட்டை' என்று தொடங்கும் சொல் எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. 'அடுக்குமை' என்று வைக்கலாம்.

ஆம்பூரிலிருந்து, செவ்வாய் பிற்பகல்

ஐயா, அடுக்குமை என்றால் எங்கள் பையன்கள் ரேக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது என்றுதான் நினைப்பார்கள். அங்கே எல்லாமே அடுக்குதானே. 42 யூ (யூ என்பது ரேக்கின் உயர அளவு) உயரத்துக்கு அடுக்கியிருக்கிறோம்.

நான் பத்து வருடமாக நெட்வொர்க் ஷிஃப்டில் இருக்கிறேன். யாரும் இதற்கெல்லாம் சொல் தேடி நின்றதில்லை. 'ஸ்பேர்' என்பார்கள், 'ஸ்டெப்னி' என்பார்கள். ஸ்டெப்னி தெரியாத ஆள் வேலூர் மாவட்டத்தில் உண்டா? அதையே எழுதிவிடுங்கள். உயிரைக் காப்பாற்றும் சீட்டில் தூய்மை பார்க்கக் கூடாது.

காட்பாடியிலிருந்து, செவ்வாய் இரவு

அம்மா, ஸ்டெப்னி எல்லோருக்கும் புரியும், உண்மை. ஆனால் தப்பாகப் புரியும். ஸ்டெப்னி பஞ்சர் ஆகும்வரை சும்மா தொங்கும். அதைக் கழற்றி வைத்துவிட்டும் பெங்களூர் வரை ஓட்டலாம். ஜெனரேட்டருக்கு அந்தச் சொல் பொருந்தும்.

பி வழி அப்படி இல்லை. லாரியின் பின் அச்சைப் பாருங்கள். பக்கத்துக்கு இரண்டு டயர் ஒட்டி ஓடும். இரண்டுமே சுமக்கின்றன. ஒன்று வெடித்தால் மற்றது பள்ளிகொண்டா வரைக்குமாவது கொண்டுபோய்ச் சேர்க்கும். பி வழி அந்த உள்டயர் மாதிரி.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, அதையும் கையேட்டில் எழுதியிருக்கிறேன். ஒரு வழி 16 ஆம்பியர் தாங்கும் என்றால் ஏ-யில் 9, பி-யில் 9 என்று ஏற்றக் கூடாது. பார்க்க இரண்டும் நிம்மதியாக இருக்கும். ஏ போன நொடியில் 18-ம் பி மேல் விழும், அதுவும் டிரிப் ஆகும். இரண்டும் சேர்ந்தே 16-க்குள், இன்னும் சொன்னால் 12, 13-க்குள் நிற்க வேண்டும். சொல்லுக்குள் இந்தச் சுமை இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

ஆரணி ஐயா, உங்கள் இரட்டைக்கிளவியைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். ரெய்டு 1 என்ற முறையில் ஒரே தரவை இரண்டு வட்டிலும் முழுசாக எழுதுவோம். ஒன்று போனாலும் பொருள் நிற்கும், அடுக்குத்தொடர். ரெய்டு 0-வில் தரவைத் துண்டுபோட்டு இரண்டிலும் மாற்றி மாற்றி எழுதுவோம். ஒன்று போனால் மற்றதில் இருப்பது வெறும் 'சல'. பயிற்சி வகுப்பில் அப்படியே சொல்லப்போகிறேன், உங்கள் அனுமதியோடு.

காவேரிப்பாக்கத்திலிருந்து, புதன் விடியற்காலை

எல்லோரும் மூலத்தை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். ரிடண்டன்சி என்ற இந்த ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'உண்டா' என்றால் அலை. 'ரெடுண்டாரே' என்றால் பொங்கி வழிதல். அதாவது ஏரி நிரம்பிக் கலிங்கில் விழுவது! நம் பக்கத்தில் அதற்கு என்ன சொல்கிறோம்? 'ஏரி கோடி போகுது' என்கிறோம். நான் எங்கள் ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவன். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டபோது இந்தப் பக்கம் முழுக்க வாயில் இருந்தது அந்தச் சொல்தான்.

கோடி எங்கிருந்து வந்தது? கோடு என்றால் கரை. 'கோடின்றி நீர்நிறைந் தற்று' என்று குறளில் படித்திருப்பீர்கள். கோடுதல் என்றால் வளைதல்; ஏரிக்கரை வளைந்து முடியும் முனை கோடி; தெருக்கோடியும் அதுவே. நூறு லட்சம் கோடி ஆனது எண்ணின் முனை என்பதாலோ என்று எனக்கு ஓர் ஐயம், அதைத் தனியாக எழுதுகிறேன். ஏரியைக் கட்டியவர்கள் கலிங்கை ஆபரணமாக வைக்கவில்லை. பத்து வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் போகும் அந்த வழி இல்லாவிட்டால் கரையே உடையும். 'கோடிவழி' என்று வையுங்கள். ஆயிரம் ஆண்டுப் பழக்கமுள்ள சொல்.

ஸ்டெப்னி பற்றி: அது வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் ஒரு தெருப்பெயர். அந்தத் தெருவில் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். ஒரு தெருவின் பெயரை நம் லாரிகளில் கட்டிக்கொண்டு அலைகிறோம். ஏரியின் பெயரைக் கட்டிக்கொண்டால் என்ன குறை?

குடியாத்தத்திலிருந்து, புதன் இரவு

பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவன் என்ற முறையில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிகைமை ஏற்கெனவே பட்டியல்களில் ஏறிவிட்ட சொல். என் மாணவர்கள் அதைப் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு கையேட்டுக்கும் ஒரு புதுச்சொல் என்று போனால் தமிழில் தேடுகிறவனுக்கு எதுவும் கிடைக்காது. கலைச்சொல்லின் பொருள் அதன் வேரில் இல்லை, வரையறையில் இருக்கிறது. வலை என்றதும் இன்று யாரும் மீனைத் தேடுவதில்லை. ஆங்கிலத்திலும் இதே சங்கடம் உண்டு. பிரிட்டனில் ஆட்குறைப்பில் வேலை போனவரை ரிடண்டன்ட் என்ற சொல்லால்தான் குறிக்கிறார்கள், தேவையில்லாதவர் என்ற பொருளில். அதற்காக அவர்களுடைய பொறியாளர்கள் சொல்லை மாற்றிவிடவில்லை. வரையறை எழுதிக் கற்றுக்கொடுத்தார்கள்.

காட்பாடி நண்பரின் சர்வர் நின்றது மிகை என்ற சொல்லால் அல்ல. கற்றுக்கொடுக்காமல் சீட்டு ஒட்டியதால்.

காட்பாடியிலிருந்து, புதன் இரவு

சார், வகுப்பறையில் நீங்கள் இருக்கிறீர்கள், வரையறை சொல்கிறீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ரேக்கின் பின்னால் டார்ச்சோடு குனிந்து நிற்பவருக்கு அந்தச் சீட்டு மட்டும்தான் இருக்கிறது. அவருக்காகத்தான் கேட்கிறேன்.

ஆம்பூரிலிருந்து, வியாழன் காலை

நேற்று இரவு ஷிஃப்டில் எங்கள் யுபிஎஸ் பார்க்கும் அண்ணனிடம் இந்தச் சண்டையை அப்படியே சொன்னேன். பேட்டரி டெர்மினலைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இரண்டு லைன் எதுக்கு இருக்குன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்கண்ணே" என்றேன். நிமிரக்கூட இல்லை. "ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும்மா. தாங்கறதுக்குத்தான்" என்றார்.

தாங்கும். நாங்கள் எல்லோரும் தினமும் 'லோடு தாங்குமா' என்றுதான் கேட்கிறோம். ஸ்டெப்னியை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். 'தாங்கல்' என்று வைத்தால் என்ன?

ஆரணியிலிருந்து, வியாழன் காலை

அம்மா, அந்த அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தாங்கல்! நம் பழைய வட ஆர்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் சிற்றேரிக்குப் பெயரே தாங்கல்தான். வேடந்தாங்கல் அப்படித்தான் வந்தது. காவேரிப்பாக்கத்து ஐயாவுக்கு அவருடைய ஏரியும் கிடைத்துவிட்டது. வழியோரம் இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் கிடத்திய சுமைதாங்கியும் இந்த வேர்தான். 'துணைத்தாங்கல்' என்றால் இன்னும் தெளிவு.

குடியாத்தத்திலிருந்து, வியாழன் பிற்பகல்

தாங்கி என்பது இயந்திரவியலில் பேரிங்குக்கு ஏற்கெனவே வழங்குகிறது. தாங்கல் என்றால் மனத்தாங்கலும் நினைவுக்கு வரும். ஐயா சொன்ன சுமைதாங்கியில் ஒரு கல்லை எடுத்தால் எல்லாம் விழுந்துவிடும். நாம் பேசும் பொருளுக்கு அது நேர் எதிர். சரி, வேலைக்குத் தேவையான எண்ணிக்கையை என் (N) என்கிறோம். துணைத்தாங்கலில் என்+1, 2 என் இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்?

ஆம்பூரிலிருந்து, வியாழன் மாலை

2 என் என்பது தேவை எவ்வளவோ அவ்வளவு இன்னொரு மடங்கு. அதற்கு 'இருமடித் தாங்கல்'. என்+1-க்கு 'ஒன்றுமேல் தாங்கல்'. மொய் எழுதும்போது நூற்றுக்கு மேல் ஒன்று வைக்கிறோம் இல்லையா, அது மாதிரி. மூன்று ஏசி போதும் என்ற அறையில் நாங்கள் நான்கு ஓட்டுகிறோம். நான்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டுக்கொள்ளும். கத்திரி வெயிலில் ஒன்று நின்றாலும் அறை 27 டிகிரியைத் தாண்டாது. போன மே மாதம் கண்ணால் பார்த்தேன்.

காவேரிப்பாக்கத்திலிருந்து, வியாழன் இரவு

தாங்கல் நீரைப் பிடித்து வைப்பது. கோடி நீரை வழிவிடுவது. இரண்டும் ஒன்றில்லை. ஒரு வழி அடைபட்டால் மறுவழிக்குத் தானாக மாறும் செயலுக்காவது 'கோடிபோதல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இதைவிட நல்ல சொல் யாரிடம் இருக்கிறது?

காட்பாடியிலிருந்து, வியாழன் நள்ளிரவு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூவர் துணைத்தாங்கல் பக்கம், காவேரிப்பாக்கத்து ஐயா பாதி மனதோடு என்று எடுத்துக்கொள்கிறேன். கையேட்டில் துணைத்தாங்கல், இருமடித் தாங்கல், ஒன்றுமேல் தாங்கல் என்றே போகிறது. சொல்லடைவில் துணைத்தாங்கலுக்கு நேரே 'மிகைமை என்றும் வழங்கும்' என்று குடியாத்தம் சாருக்காகச் சேர்த்திருக்கிறேன். கோடிபோதலை அடுத்த பதிப்புக்கு வைத்திருக்கிறேன். அதற்குள் பணியாளர்கள் வாயில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பி வழி பிளக்கில் ஒட்டும் சீட்டு இது:

துணைத்தாங்கல் வழி. இப்போதும் சுமக்கிறது. கழற்றாதீர்கள்.

குடியாத்தத்திலிருந்து, வெள்ளி காலை

நண்பருக்கு, அச்சுக்குப் போகுமுன் ஒன்றே ஒன்று. 'வேலை கொடுத்தான்' என்பதில் பணி கிடைக்கிறது. 'வேலைக் கொடுத்தான்' என்பதில் வேல் கைமாறுகிறது. நடுவில் ஒரே ஒரு க். அதை வல்லினம் மிகுதல் என்கிறோம். அந்த மிகுதியைத் தேவையில்லை என்று எடுத்தால் பிழை, பொருளே மாறும். உங்கள் துணைத்தாங்கலிலும் ஒரு த் மிகுந்துதான் நிற்கிறது. மிகை என்றாலே வீண் என்று தமிழ் சொல்லவில்லை. ஆரணி ஐயா இதை மறந்தது எனக்கு ஆச்சரியம்.

என் வகுப்பில் மிகைமைதான் தொடரும். கையேடு வந்ததும் ஐந்து பிரதி அனுப்புங்கள், ஆய்வகத்தில் வைக்கிறேன். அந்தச் சீட்டிலும் பத்து வேண்டும், எங்கள் யுபிஎஸ் அறைக்கு.