கலாங்க் தேசியப் பூங்காவில் ஜூலை மாத நடைப்பயணம்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். பிரான்சின் மார்செய் நகரை ஒட்டி, 2012இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட கலாங்க் கடற்கரையில் ஜூலையில் பெற்றோருடன் நடக்க எண்ணியுள்ளேன். காட்டுத்தீ அபாயத்தால் கோடையில் பாதைகள் திறந்திருக்குமா என்பது முந்தைய நாள் மாலையில்தான் தெரியவரும் என்பதையும், மண்ணரிப்பைத் தடுப்பதற்காகச் சுஜித்தோன் குடாவுக்கு நாளொன்றுக்கு 400 பேரை மட்டுமே இலவச முன்பதிவின் பேரில் அனுமதிக்கிறார்கள் என்பதையும் அறிவேன். (கட்டுப்பாடு நியாயமானதே.)

கஸ்ஸி ஊரிலிருந்து போர்மியூ, போர்ப்பேன் குடாக்கள் வழியாக ஆன்வோ குடாவுக்குச் செல்லும் பாதையின் கடைசி இறக்கத்தில், தேய்ந்து வழுக்கும் சுண்ணாம்புப் பாறைகளில் அறுபது வயதைக் கடந்தவர்கள் பாதுகாப்பாக இறங்க முடியுமா? வழியில் குடிநீர் கிடைக்காது என்பதால் ஒருவருக்கு எத்தனை லிட்டர் எடுத்துச் செல்வது, எத்தனை மணிக்குப் புறப்படுவது? போர்ப்பேனிலேயே திரும்பிவிடுவது நல்லதெனில் அதையும், அங்கு நடந்தவர்கள் தயவுசெய்து தெரிவிக்கவும்.