55 மில்லி நக்கிள்ல 50 மில்லி அப்சோர்பர்: ஸ்லீவ் போடலாமா கூடாதா?

செந்தூல்_ஜிடிஐ:
அண்ணன்மாரே ஒரு தலைவலி. நம்ம காடி (கார்) ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் மார்க் 5 ஜிடிஐ, வீட்டு போர்ச்சுலயே பிரிச்சு மாட்டிக்கிட்டு இருக்கேன். ரவாங் பக்கம் ஒரு கெடாய் போத்தோங்ல (பழைய காடி பார்ட்ஸ் கடை) செகண்ட்ஹேண்ட் காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் சேர்ந்து வர்ற) செட்டு எடுத்தேன், "மார்க் 5-க்குத்தான் பாஸ், கன்பார்ம் மாசுக் (கண்டிப்பா பொருந்தும்)"னு தவுக்கே (கடை முதலாளி) அடிச்சு சொன்னாரு. முன்பக்கம் பிரிச்சு போட்டு பாத்தா நக்கிளுக்குள்ள (சக்கரத்தை தாங்குற பாகம், அப்சோர்பர் அதுலதான் சொருகும்) லொடலொடன்னு ஆடுது. வெர்னியர் வச்சேன், நக்கிள் ஓட்டை 55 மில்லி, அப்சோர்பர் 50 மில்லி. பொருளை திருப்பி எடுக்க மாட்டாராம். செலாயாங்ல தெரிஞ்ச லேத் கடை இருக்கு, 2.5 மில்லி கனத்துல ஸ்லீவ் (இடைவெளியை அடைக்கிற குழாய்) கடைஞ்சு போட்டுடலாமா?

பட்டர்வொர்த்_ஃபோர்மென்:
போடலாம் தம்பி. இது ஒண்ணும் புதுசு இல்ல, 50-ஐ 55-ல மாட்ற ஸ்லீவ் ரெடிமேடாவே விக்கிறானுங்க. மார்க் 5-ல சின்ன இஞ்சின் காடிக்கு 50, ஜிடிஐ மாதிரி பெருசுக்கு 55, கடைக்காரன் ரெண்டையும் "மார்க் 5"னு ஒரே பேர்ல தள்ளிடுவான். லேத்காரர்கிட்ட அளவை கரெக்டா குடு, முடிஞ்சது கதை.

செராஸ்_வெர்னியர்:
ஃபோர்மென் அண்ணே, "முடிஞ்சது கதை"னு இவ்ளோ ஈசியா சொல்லாதீங்க. மார்க் 5-ல அப்சோர்பர் அடிப்பாகம் நக்கிளுக்குள்ள சொருகி இருக்கு, ஒரே ஒரு போல்ட் நக்கிளோட ரெண்டு காதையும் இறுக்கி கவ்விப் பிடிக்குது, வேற பிடிமானமே கிடையாது. லேத்காரர்கிட்ட "ஸ்லீவ்"னு மட்டும் சொன்னா அவரு முழு வளையமா கடைஞ்சு குடுத்துடுவாரு. முழு வளையம் சுருங்காது. போல்ட்டை எவ்ளோ இறுக்கினாலும் நக்கிள் ஸ்லீவைத்தான் கவ்வும், உள்ள இருக்கிற அப்சோர்பரை கவ்வாது. அப்புறம் காராக் ஹைவேல இறங்கும்போது அப்சோர்பர் கீழ நழுவுச்சுன்னா?

பட்டர்வொர்த்_ஃபோர்மென்:
அடேய் முழு வளையம் போடுன்னு எவன் சொன்னான்? நெடுக்க ஒரு வெட்டு விடணும், அது தெரியாமயா இத்தனை வருசமா பெங்கல் (ஒர்க்ஷாப்) நடத்துறேன்.

செராஸ்_வெர்னியர்:
அதை மொதல் பதில்லயே சொல்லியிருக்கணும்ல, கேட்ட தம்பி வீட்டு போர்ச்சுல உக்காந்து செய்றவரு. வெட்டு விட்டா மட்டும் போதாது, அந்த வெட்டு நக்கிள் வெட்டுக்கு நேரா வரணும். அப்சோர்பர் பின்னாடி ஒரு சின்ன நாக்கு இருக்கும் பாருங்க, அது அந்த சந்துக்குள்ள போய் உக்காந்தாத்தான் அப்சோர்பர் சரியான திசைல நிக்கும். திரும்பி நின்னுச்சுன்னா மார்க் 5-ல ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவுல காடி சாயாம பிடிக்கிற கம்பியோட இணைப்பு) அப்சோர்பர்லதானே மாட்டுது, அந்த லிங்க் கோணலா இழுத்துக்கிட்டு கொஞ்ச நாள்ல டக்கு டக்குனு சத்தம் போடும், நீங்க லிங்க் போச்சுன்னு புதுசு வாங்கி மாட்டுவீங்க, அதுவும் போகும்.

புக்கிட்_மெர்தாஜாம்_அக்கா:
ரெண்டு பேரும் ஸ்லீவுக்குள்ளயே சுத்துறீங்க. தம்பி, அந்த செட்டை வித்துடு. 1.6 கோல்ஃப், ஜெட்டான்னு 50 நக்கிள் காடி ஓட்றவங்க எத்தனையோ பேரு இருக்காங்க, "50 மில்லி"னு தலைப்புலயே கொட்டை எழுத்துல போட்டு வில்லு. கைல கொஞ்சம் காசு போட்டு 55 வாங்கு. நான் அப்டித்தான் செஞ்சேன், யார்கூடயும் மல்லுக்கட்டல.

செந்தூல்_ஜிடிஐ:
அக்கா சொல்றது சரிதான் ஆனா காடி இப்போ ஜாக் ஸ்டாண்ட் மேல நிக்குது, திங்கக்கிழமை வேலைக்கு போகணும் 😅 அப்போ 1.6 ஹாஃப்கட்ல (பாதியா வெட்டி விக்கிற பழைய காடி) இருந்து 50 நக்கிளையே கழட்டி போட்டா?

செராஸ்_வெர்னியர்:
அது இதைவிட மோசம். ஜிடிஐ முன் டிஸ்க் 312 மில்லி, சின்ன இஞ்சின் காடி பிரேக் வேற. உங்க பிரேக் கேலிப்பர் அந்த நக்கிள்ல உக்காருமான்னு போல்ட் இடைவெளியை அளக்காம காசு குடுக்காதீங்க. திங்கக்கிழமைக்கு பழைய அப்சோர்பரையே திருப்பி மாட்டுங்க, அது ஒண்ணும் செத்துப் போகலயே. நக்கிள் காதை விரிக்க உளி அடிக்காதீங்க, அதுக்குன்னே ஒரு டூல் இருக்கு, சந்துல விட்டு கால் சுத்து திருப்பினா விரியும். அந்த போல்ட்டும் நட்டும் ஒரு தடவை கழட்டினா புதுசுதான் போடணும்.

பட்டர்வொர்த்_ஃபோர்மென்:
புது போல்ட் விசயத்துல தம்பி செராஸ் சொல்றது கரெக்ட். ஆனா ஸ்லீவ் கூடவே கூடாதுங்கிறது எனக்கு ஒத்துக்காது. ரெடிமேட் ஸ்லீவ் போட்ட காடி என் பெங்கலுக்கு சர்வீசுக்கு வருது, தெலுக் பஹாங் மலை ரோட்ல ஓட்றவன் காடி அது, ஒரு கோளாறும் இல்ல.

செராஸ்_வெர்னியர்:
ரெடிமேட்னா நானும் வாயை மூடிக்கிறேன் அண்ணே. நான் வேணாம்னு சொல்றது வெல்ட் தழும்பு உள்ள இரும்பு பைப்பை வெட்டி கடையிற லோக்கல் ஐட்டத்தை. உள்வட்டமும் வெளிவட்டமும் ஒரே மையத்துல இல்லன்னா அப்சோர்பர் சாஞ்சு நிக்கும், கேம்பர் (சக்கரம் சாயுற கோணம்) ரெண்டு பக்கமும் வேற வேறயா வரும், நீங்க அலைன்மெண்ட் கடைக்காரனை திட்டுவீங்க.

செந்தூல்_ஜிடிஐ:
சரி பழசையே மாட்டிட்டேன், காயில்ஓவர் விக்க போடுறேன். இன்னொண்ணு, 18 இஞ்சுக்கு 8 இஞ்சு அகலம், இடி 35 (இடின்னா ஆஃப்செட், ரிம் நடுக்கோட்டுல இருந்து ஹப் ஒட்டுற முகம் எத்தனை மில்லி தள்ளி இருக்குங்கிற கணக்கு) ரிம் ஒண்ணு சல்லிசா வருது. இப்போ இருக்கிறது 18க்கு 7.5 இடி 51. ஒட்டுமா?

புக்கிட்_மெர்தாஜாம்_அக்கா:
ஐயோ மறுபடியுமா.

செராஸ்_வெர்னியர்:
கணக்கு போட்டுட்டு வாங்குங்க. உள்பக்கம் கிட்டத்தட்ட 10 மில்லி இடம் கூடும், வெளிப்பக்கம் 22 மில்லி துருத்தும். காடியை இறக்கினா ஃபெண்டர் ஓரம் டயரை சீவும், துருத்திக்கிட்டு நின்னா ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) சமான் (அபராதம்) வேற. இடி 45 தேடுங்க. அப்புறம் ஒரிஜினல் போல்ட்டை வெளி ரிம்முக்கு போட்டுடாதீங்க. ஃபோக்ஸ்வேகன் போல்ட் தலை அடி உருண்டையா இருக்கும், வெளி ரிம் ஓட்டை பெரும்பாலும் கூம்பு. இறுக்கும்போது இறுகின மாதிரிதான் தெரியும், ஆனா தொடுறது மெல்லிசா ஒரு கோடு மட்டும், ஓட ஓட லூசாகிடும். ரிம் நடு ஓட்டை 57.1 மில்லியை விட பெருசா இருந்தா ஹப் ரிங்கும் வாங்குங்க.

பட்டர்வொர்த்_ஃபோர்மென்:
அலுமினிய ரிங் வாங்கு தம்பி, பிளாஸ்டிக் வேணாம்.

செராஸ்_வெர்னியர்:
பிளாஸ்டிக்கே போதும் அண்ணே, மாட்டும்போது ரிம்மை நடுவுல நிறுத்துறதுதான் அதோட வேலை, பாரத்தை போல்ட்டோட இறுக்கம் பாத்துக்கும். அலுமினியம்னா நம்ம ஊரு மழைக்கு ஹப்போட ஒட்டிக்கிட்டு கழட்ட வராது.

பட்டர்வொர்த்_ஃபோர்மென்:
ஆரம்பிச்சுட்டான். பிரேக் சூட்டுல உருகிப்போன பிளாஸ்டிக் ரிங் என் கடை டிராயர்ல கிடக்கு, படம் எடுத்து போடவா?